வாசலில் நுழையாத தண்டனை

என் அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு இருபத்தெட்டு. எங்கள் ஊர் நீதிமன்றத்தில் இது சாதாரணம். வழக்கு முடியும்வரை சான்றுப் பொருள் மாறக் கூடாது என்பது விதி.

அண்ணன் பெயர் சிவனாண்டி. சான்றுப் பொருள் அறையில், மூன்றாவது அலமாரியின் நடுத்தட்டில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஓர் இரும்பு முறுக்கு அச்சு. அச்சின் கைப்பிடியில் சா.பொ. 1 என்று அட்டை கட்டியிருக்கிறது. அவன் கழுத்தில் சா.பொ. 2. வடக்கே ஒரு முறுக்கு கம்பெனியில் நாள் முழுக்க அந்த அச்சை அழுத்திக்கொண்டிருந்தவனை மீட்டுக்கொண்டு வந்த அன்று கட்டியது. இருபது வருஷத்தில் அந்த நூல்கூட அழுக்காகவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போய்க் கம்பி வலை வழியாக அவனைப் பார்ப்பேன். கடலை மிட்டாய் கொண்டுபோவேன். முறுக்கு என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. அவன் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். வரவர ஏன் இப்படி வளர்ந்துகொண்டே போகிறாய் என்று கேட்பான். எனக்கு வேறு வேலை இல்லை என்பேன்.

இன்று காலை போனபோது அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இருபது வருடம் கடந்த சான்றுப் பொருட்கள் இன்று மாலை ஐந்து மணிக்கு ஏலம் விடப்படும். கீழே பட்டியல். மர நாற்காலி ஒன்று. சைக்கிள் இரண்டு. முறுக்கு அச்சு ஒன்று. சிவனாண்டி ஒன்று. சைக்கிள்களுக்கு மட்டும் பழுதடைந்தவை என்று அடைப்புக்குறியில் போட்டிருந்தார்கள்.

நான் சிரஸ்தாரிடம் போனேன். கோர்ட்டின் தலைமை எழுத்தர் அவர்தான். பெயர் ஜெபமணி. நல்ல மனுஷி. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வார், அதனால் யாருக்கும் பயன் இருக்காது, அவ்வளவுதான்.

"மனுசனை விக்கக் கூடாதுன்னுதானம்மா இந்தக் கேசே" என்றேன்.

"ஆமா."

"அப்ப ஏலம் விடுறீக?"

"ஏலம்னா விக்கிறது இல்லம்மா. அப்புறப்படுத்துறது."

வழக்கு ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். முடிந்துவிட்டால் சா.பொ. 2ஐ உரியவரிடம், அதாவது என்னிடம், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிடலாம் என்றார். ஆனால் முடியாதே என்று அவரே வருத்தப்பட்டுக்கொண்டார்.

முடியாததற்குக் காரணம் வாசல். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் தண்டனை நீதிமன்ற அறைக்குள் இருக்கவேண்டும். முழுக்க வராவிட்டாலும் முனை நீதிபதியின் மேசையைத் தொட்டாகவேண்டும். தண்டனை என்பது தேக்கு உத்திரம். வருஷம் கூடினால் நீளம் கூடும். கடுமை கூடினால் தடிமன் கூடும். எங்கள் வழக்கு பதிவானபோது அது ஏழடி நீளம், ஒரு சாண் தடிமன். இரண்டு காவலர்கள் அதைச் சிரமமில்லாமல் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார்கள். அன்றைக்குத் தலைநகரிலிருந்து லாரி வந்தது. ஆள் கடத்தலுக்குத் தண்டனையைக் கடுமையாக்கிவிட்டோம், பழையதைக் கீழே வையுங்கள் என்று சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு எட்டு வயது.

அடுத்து வந்த தண்டனை பத்தடி. வாசலில் உரசிக்கொண்டு நின்றது. இழைத்துக் கொஞ்சம் மெலிதாக்கலாமா என்று யோசிப்பதற்குள் மறுபடியும் லாரி வந்தது. பதினாலடி. அதன்பிறகு ஆயுள். ஆயுளின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. வளாகத்தைத் தாண்டித் தெருவுக்குள் போகிறது. அதற்காகப் பஸ் ஸ்டாண்டை ஒரு தெரு தள்ளிவைத்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான்கு காவலர்கள் உத்திரத்தைத் தூக்கி வாசலில் வைத்துப் பார்ப்பார்கள். நுழையாது. நீதிபதி வாய்தா போடுவார்.

உத்திரத்தின் மேல் குபேந்திரன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். குற்றவாளி என்று சொல்லக் கூடாது, இன்னும் தீர்ப்பாகவில்லை. ஆயுள் வந்த நாளிலிருந்து அதே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே மரம் வழுவழுவென்று குழிந்துவிட்டது. சட்டைப் பையில் ஏல டோக்கன் தெரிந்தது. முதல் நம்பர்.

"நம்ம ஊருப் பையன்" என்றார் என்னிடம். "வெளியாளு கைக்குப் போயிறக் கூடாதுல்லத்தா. வந்ததும் முந்தி டோக்கனை வாங்கிட்டேன்."

சரி என்று மட்டும் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் லாரி வந்தது. இறங்கிய அதிகாரி, ஆள் கடத்தலுக்கான தண்டனை இன்றுமுதல் மேலும் கடுமையாக்கப்படுகிறது என்று படித்தார். தச்சர்கள் குபேந்திரன் உட்காரும் குழிவை மட்டும் விட்டுவிட்டு ஆயுளைச் சுற்றிப் புதிய பலகைகளை வைத்து ஆணி அடித்தார்கள். தடிமன் இன்னும் இரண்டு சாண் கூடியது. தச்சர்கள் வேலை செய்ய வசதியாகக் குபேந்திரன் எழுந்து நின்றார். ஆணி எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

"சட்டம் கடுமையா இருக்கணும்த்தா" என்றார். "அப்பத்தான் ஒரு பயம் இருக்கும்."

நான் அதிகாரியிடம் வாசலைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்டேன். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். வாசல் வேறு துறை என்றார். மனு கொடுத்தால் அனுப்பிவைப்பதாகவும், அந்தத் துறையில் இப்போது கதவு மட்டும்தான் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார்.

லாரியில் இன்னொரு தண்டனையும் வந்திருந்தது. இந்த முறை உடந்தையாக இருந்தவர்களையும் விடக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. உடந்தைக்கும் ஆயுள். ஆனால் உடந்தை சிறு பிள்ளையாக இருந்தால் தனியாக ஒன்று உண்டு. இழைப்பில் மிஞ்சிய துண்டில் செய்திருந்தார்கள். அரை முழ நீளம், இரண்டு விரல் தடிமன். யாருக்கு என்று தெரியாததால் ஜெபமணி அம்மா அதைக் காகிதங்கள் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தெரியும் யாருக்கு என்று.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வலது கையைத் தலைக்குமேல் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயதாகிவிட்டது. வெளியூர் வேலைக்குக் குபேந்திரன் வைத்த பரீட்சை இன்னும் கொஞ்சம் பெரியது. காதைத் தாண்டி விரல் தாடையைத் தொடவேண்டும். அண்ணன் எங்கள் வீட்டு முற்றத்தில் கையைப் போட்டான். விரல் காதோடு நின்றுவிட்டது. குபேந்திரன் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோது அவன்தான் வாத்தியாருக்குத் தெரியாமல் என் முழங்கையைத் தள்ளிவிட்டான். அதனால்தான் எனக்கு எட்டியது. அந்த நன்றி எனக்கு இருந்தது. நான் பின்னால் போய் அவன் முழங்கையைத் தள்ளினேன். விரல் தாடையில் பட்டது. எட்டிருச்சு என்று நான்தான் எல்லோருக்கும் சொன்னேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடலை மிட்டாய் கொடுக்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வெட்கமாக இருக்கும்.

இப்போது அந்தச் சின்ன தண்டனையைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. அது வாசலில் நுழையும். சட்டைப் பையில் வைத்தால்கூட நுழையும். அதை யாராவது ஒருவர் வாங்கிக்கொண்டால் இந்த வழக்கில் ஒரு தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பு வந்தால் வழக்கு முடிந்தது. ஜெபமணி அம்மாவிடம் கேட்டேன். ஆமாம், எந்தத் தண்டனை என்று விதியில் இல்லை, ஏதாவது ஒன்று உள்ளே வந்தால் போதும் என்றார்.

மூன்று மணிக்கு டவாலி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவதற்குள் பதில் வராவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் இல்லை. குபேந்திரனைக் கூப்பிட்டார். அவர் முற்றத்திலிருந்து இருக்கேன்யா என்றார். இருபது வருஷமாக அது போதுமானதாக இருக்கிறது.

பிறகு சாட்சியான என்னைக் கூப்பிட்டார். "விருமாயி."

நான் தாழ்வாரத்தில் நடந்தேன். சட்டம் கடுமையாகும் ஒவ்வொரு தடவையும் தாழ்வாரமும் கொஞ்சம் நீளும். இன்று காலையில் முப்பது காலடிதான் இருந்தது. இப்போது தூணுக்கு அப்பால் தூண் வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது முறை என் பெயர் கேட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். சாட்சிகள் சிலர் நடுவழியில் பாய் விரித்துச் சோற்று மூட்டையை அவிழ்த்திருந்தார்கள். ஒரு பெரியவர், மெதுவா போத்தா, நான் போன தேர்தல்ல கிளம்புனவன் என்றார். மூன்றாவது முறை டவாலி வாயைத் திறக்கும்போது வாசற்படியில் என் கால் பட்டது.

நான் கூண்டில் ஏறி முழங்கையைத் தள்ளியதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சான்றுப் பொருட்களை மேசைமேல் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அச்சுக்குப் பக்கத்தில் அண்ணன் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனை நான் பார்க்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். அப்போது என் வயது என்ன என்று கேட்டார். எட்டு என்றேன். இப்போது என்றார். இருபத்தெட்டு என்றேன்.

"எந்த வயசுக்கும்மா தண்டனை குடுக்கட்டும்?"

எட்டுக்குக் கொடுங்கள் ஐயா என்றேன். குபேந்திரனின் வக்கீல் எழுந்தார். இந்த வழக்கில் வயதை அளக்க ஏற்கெனவே ஒரு முறை உண்டு என்றும், அதையே பின்பற்றவேண்டும் என்றும் சொன்னார். வலது கை தலைக்குமேல் போய்த் தாடையைத் தொட்டால் நான் பெரியவள், ஆயுள். தொடாவிட்டால் சிறு பிள்ளை, அரை முழம். நீதிபதி ஒப்புக்கொண்டார். ஜெபமணி அம்மா காகிதங்களிலிருந்து சின்ன தண்டனையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். காகிதங்கள் பறந்தன. யாரும் பொறுக்கவில்லை.

நான் கையைப் போட்டேன். விரல் காதுக்கு வந்தது. அதோடு நிறுத்தினேன். கையை ஒடுக்கி, தோளைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாடைக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவு இடைவெளி. நீதிபதி எட்டிப் பார்த்தார். வக்கீல் அளவுகோலை எடுத்தார். ஜெபமணி அம்மா என்னை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தார்.

அண்ணன் மேசையிலிருந்து குதித்தான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாப்பாவை எங்கேயோ சேர்க்கிறார்கள், பாவம், கை எட்டவில்லை.

"தள்ளாத அண்ணே" என்றேன்.

அவன் யாருக்கும் தெரியாமல் செய்கிறவன் போல என் பின்னால் வந்து முழங்கையைத் தள்ளினான். பன்னிரண்டு வயதுக் கை. ஆனால் அச்சு அழுத்திய கை. என் விரல் தாடையில் பட்டது.

"எட்டிருச்சு" என்றான் நீதிபதியிடம்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரவேயில்லை. அழுகைதான் வந்தது.

நீதிபதி எழுதினார். விருமாயி பெரியவள். குபேந்திரனோடு சேர்த்து ஆயுள். தண்டனையை உள்ளே கொண்டுவாருங்கள். நான்கு காவலர்களும் உத்திரத்தின் முனையைத் தூக்கி வாசலில் வைத்துப் பார்த்தார்கள். மதியம் அடித்த பலகைகள் நிலையின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றன. நுழையாது என்றார்கள். நீதிபதி வாய்தா புத்தகத்தைத் தேடினார். கடிகாரத்தில் நாலே முக்கால். வெளியே ஏலத்துக்கு மேசை போடும் சத்தம் கேட்டது. குபேந்திரன் டோக்கனைப் பையிலிருந்து எடுத்து ஊதித் துடைத்தார்.

நான் கூண்டிலிருந்து இறங்கினேன். மேசையிலிருந்த முறுக்கு அச்சை எடுத்தேன். நல்ல கனம். இதை என் அண்ணன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கி அழுத்தியிருப்பான் என்று நினைத்தேன். நேராக வாசலுக்குப் போய் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் ஓங்கி அடித்தேன். காரை பொரிந்து விழுந்தது.

ஒரு காவலர் ஓடிவந்தார். கோர்ட்டுச் சுவரை இடித்தால் சட்டம் சும்மா விடாது என்றார். எவ்வளவு என்று கேட்டேன். அவர் ஜெபமணி அம்மாவைப் பார்த்தார். ஜெபமணி அம்மா சட்டப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

"இவ மேல ஏற்கெனவே ஆயுள் இருக்கு" என்றார். "இதுக்கு மேல புத்தகத்துல ஒண்ணும் இல்லை."

காவலர் லத்தியை இடுப்பில் செருகினார். பிறகு என் கைப்பையை வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டார். செங்கல் காலில் விழாமல் பார்த்து அடிக்கச் சொன்னார்.

முதல் செங்கல் நாலே ஐம்பதுக்கு விழுந்தது. இரண்டாவது உடனே விழுந்தது. அந்தச் சுவரில் ஒன்றுமே இல்லை. பழைய செங்கல், உளுத்த காரை. இருபது வருஷமாக இதன்முன் நின்றுதான் எல்லோரும் கட்டையை அளந்துகொண்டிருந்தோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தோள் விட்டுப்போகிற அளவுக்கு அடித்தேன். நிலை சாய்ந்து விழுந்தது. வாசல் அகன்றது. உள்ளேயிருந்து பார்த்தால் இப்போது முற்றம் முழுக்கத் தெரிந்தது. தண்டனையும் தெரிந்தது. அது வருவது எனக்கும் சேர்த்துத்தான் என்பதும் தெரிந்தது. அடிப்பதை நிறுத்தவில்லை.

குபேந்திரன் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் கீழே வைத்தார். நான் பார்த்து அவர் டீயை மிச்சம் வைத்ததில்லை.

காவலர்கள் தூக்கினார்கள். உத்திரம் வாசலுக்குள் முகத்தை நீட்டியது. ஒரு முழம் வந்தது. இரண்டு முழம் வந்தது. குபேந்திரன் உட்காரும் குழிவு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. நீதிபதி பேனாவைத் திறந்தார். ஆட்கள் இருக்கிறார்களா என்று டவாலியைக் கேட்டார்.

"குபேந்திரன்" என்றார் டவாலி.

பதில் இல்லை.

"குபேந்திரன்."

அவர் முற்றத்தில்தான் நின்றார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

மூன்றாவது முறை கூப்பிடும்போது ஏலக்காரர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த காவலர், என் கைப்பையை மாட்டிக்கொண்டே போய், அவர் தோளில் கை வைத்தார். ஆள் இருக்கிறார் ஐயா என்று அவருக்காகச் சொன்னார்.

அடுத்து என் பெயர். முதல் தடவையிலேயே இருக்கேன் என்றேன்.

அப்போது உத்திரம் நின்றுவிட்டது. மேல்பக்கத்துப் பலகை ஒன்று சுவரில் மாட்டிக்கொண்டது. முனைக்கும் நீதிபதியின் மேசைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிதான் இருக்கும். காவலர்கள் மூச்சு வாங்கினார்கள். கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நோக்கி நகர்ந்தது.

அண்ணன் இடிந்த வாசல் வழியாகக் குனிந்து வெளியே போனான். அட்டை கழுத்தில் ஆடியது. முன்னால் நின்ற காவலரின் கைக்குக் கீழே நுழைந்து உத்திரத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். செய்யலாமா என்று கேட்கிற பார்வை.

"தள்ளுண்ணே" என்றேன்.